தத்துக் கட்டணம் பிறந்த கதை

"தெருவில் கிடந்த நாய்தானே, இதற்கு எதற்குக் காசு?" விலங்குக் காப்பகங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஓர் உயிருக்குச் சோறு போட முன்வந்திருக்கிறோம், நம்மிடமே பணம் கேட்கிறார்களே என்ற வருத்தம்தான் அது. இன்னொரு பக்கம், பேப்பரோடு வரும் இன நாய்க்குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பதை அவ்வளவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. நல்ல பிரீட் என்றால் அவ்வளவு ஆகத்தான் செய்யும் என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு தொகைகளும் பிறந்தது ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில். இன நாயின் விலைக்கு வித்திட்ட கண்காட்சி 1859-இல் இங்கிலாந்தில் நடந்தது. கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகம் அதே இங்கிலாந்தில் பதினைந்து மாதம் கழித்துத் திறந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், இன்று காப்பகத்தில் நாம் கட்டும் பணம் உண்மையில் யார் கட்டியிருக்க வேண்டிய பணம் என்பது விளங்கும்.

விலை உள்ள நாய், விலை இல்லாத நாய்

1840-களின் லண்டனில் நாயின் விலையை நன்றாக அறிந்தவர்கள் திருடர்கள். செல்வந்தர் வீட்டு ஸ்பேனியல் நாய்களைத் தெருவில் வைத்தே தூக்கிக்கொண்டு போய், பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று ஆள் அனுப்பும் கும்பல்கள் அந்த நகரில் இருந்தன. கவிஞர் எலிசபெத் பாரெட் வளர்த்த ஃபிளஷ் என்ற காக்கர் ஸ்பேனியலை மூன்று முறை தூக்கிப் போனார்கள். 1846-இல், மூன்றாம் முறை, வீட்டார் தடுத்தும் கேளாமல், உடல்நலம் குன்றியிருந்த அவரே வண்டி பிடித்துத் திருடர்கள் வாழ்ந்த பகுதிக்குப் போனார். ஆறு கினி கொடுத்த பிறகே நாய் வீடு திரும்பியது. வர்ஜீனியா வுல்ஃப் பிற்பாடு, 1933-இல், அந்த நாயின் வாழ்க்கையையே ஒரு நூலாக எழுதினார். இந்தத் திருட்டு எவ்வளவு பெருகிப்போயிருந்தது என்றால், நாய்த் திருட்டுக்கென்றே 1845-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அதே தெருக்களில் யாரும் திருடாத நாய்கள் நூற்றுக்கணக்கில் திரிந்தன. அவற்றைத் தேடி வர ஆள் இல்லை. மீட்கப் பணம் தருவோரும் இல்லை. எலும்பும் தோலுமாய் அலைந்து, பனிக்காலத்தில் எந்தப் படிக்கட்டின் கீழோ செத்துப் போயின. வெறிநோய்ப் பயம் ஊரைப் பிடித்துக்கொண்ட நாள்களில் தடியடி பட்டுச் செத்தன.

நியூகாசிலில் ஒரு துப்பாக்கிப் பரிசு

1859 ஜூன் 28, 29 தேதிகளில் நியூகாசில் நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. வேட்டைக்குப் பழக்கிய பாயின்டர், செட்டர் என்ற இரண்டே வகை நாய்கள், மொத்தம் 60. வென்ற நாயின் சொந்தக்காரருக்குப் பரிசு துப்பாக்கி. உள்ளூர்த் துப்பாக்கி வியாபாரி பேப் கொடுத்தது. முறைப்படி நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்று வரலாறு இதைத்தான் சொல்கிறது. ஒரு வகைக்கு நடுவராக இருந்தவரின் நாய் மற்ற வகையில் பரிசு வாங்கியது என்பதும் அதே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அதுவரை ஒரு வேட்டை நாயின் மதிப்பு வயல்வெளியில் தெரிந்தது. மோப்பம் எப்படி, ஓட்டம் எப்படி, சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. கண்காட்சி மேடையில் இவை எதையும் பார்க்க முடியாது. அங்கே கண்ணுக்குத் தெரிவது காது, வால், முகம், நிறம், முடி. பரிசும் அவற்றுக்கே போனது. பரிசு வாங்கிய நாயின் குட்டிகளுக்கு விலை ஏறியது. விலை ஏறியதும் பொய்யும் புரட்டும் உள்ளே வந்தன. ஒரே பெயரில் பல நாய்கள், ஒரே நாய்க்குப் பல பெயர்கள், இல்லாத பரம்பரைகள்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 1873 ஏப்ரலில் செவாலிஸ் ஷர்லி என்பவர் பன்னிரண்டு பேரைக் கூட்டி லண்டனில் கென்னல் கிளப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு அதன் வம்சாவளிப் பதிவேடு அச்சாகி வந்தது. 1859 முதல் கண்காட்சிகளில் பங்கெடுத்த 4,027 நாய்களின் விவரங்கள் அதில் இருந்தன. 1880-இல் ஒவ்வொரு நாய்க்கும் தனிப்பெயர் பதிவு செய்யும் முறையும் வந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான். வாங்குகிறவரை ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்பது. ஆனால் அன்றுமுதல் நாயின் மதிப்பு ஒரு தாளில் குடியேறியது. பதிவேட்டில் பெயர் உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

ஹாலோவேயில் ஓர் அடுக்களை

நியூகாசில் கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு. வட லண்டனில் வாழ்ந்த மேரி டீல்பி என்ற பெண்மணிக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவரைப் பிரிந்து, பாதிரியாராக இருந்த தம்பியோடு இருந்தவர். பெரிய செல்வம் கிடையாது. அவருடைய தோழி திருமதி மேஜர் தெருவில் பட்டினியால் சாகக் கிடந்த நாய் ஒன்றைத் தம் வீட்டு அடுக்களைக்குத் தூக்கி வந்திருந்தார். மேரி டீல்பி அதைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். நாய் பிழைக்கவில்லை. ஆனால் அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. இன்னொரு நாய் வந்தது, பிறகு இன்னொன்று. பாத்திரம் துலக்கும் அறை நிறைந்துபோனது. 1860 அக்டோபரில் ஹாலோவேயில் குதிரை லாயங்கள் உள்ள ஓர் இடத்தைப் பிடித்து, 'தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்று பெயர் வைத்தார்கள்.

லண்டன் சிரித்தது. மனிதர்களே பசியில் கிடக்கும் ஊரில் நாய்க்கு இல்லமா என்று 'தி டைம்ஸ்' நாளிதழ் கேலி செய்தது. கேலி செய்யாதவர்களும் இருந்தார்கள். 1862-இல் இஸ்லிங்டனில் பெரிய நாய்க் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இந்த இல்லமும் இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இரண்டு நாய்க் கண்காட்சிகள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டது. பரிசு நாய்கள் மெத்தையில் படுத்திருக்கும் மண்டபத்தையும், தெரு நாய்கள் மனிதரைக் கண்டதும் வேலிக்கு ஓடிவரும் கொட்டகையையும் ஒரே நடையில் வாசகர்களுக்குக் காட்டிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு இல்லத்தின் மேல் இருந்த மரியாதை கூடியது.

தத்துக் கட்டணத்தின் வேர் இந்த இல்லத்தின் விதிகளில் இருக்கிறது. தொலைந்த நாயைத் தேடி வரும் சொந்தக்காரர், அதற்குச் சாப்பாடு போட்ட செலவைக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகலாம். குறித்த நாளுக்குள் யாரும் வராவிட்டால், அதுவரை ஆன செலவுக்காக நாயை வேறொருவருக்கு விற்கலாம். நாய்க்கு விலை என்ற எண்ணமே இதில் இல்லை. உயிரோடு வைத்திருக்க ஆன செலவு மட்டும்தான் கணக்கு.

மேரி டீல்பி 1865-இல் இறந்துபோனார். குரைப்புச் சத்தத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்யவே, 1871-இல் இல்லம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள பாட்டர்சீக்கு இடம் மாறியது. இன்றும் அது அங்கேதான் இயங்குகிறது.

வரி கட்டியவர்களும் கூண்டில் செத்தவையும்

அன்றைய காப்பகத்தை இன்றைய கண்ணால் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. 1867-இல் வந்த லண்டன் தெருச் சட்டம், அவிழ்ந்து திரியும் நாயைப் பிடிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்தது. மூன்று நாளுக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் நாயை விற்கலாம், அல்லது கொல்லலாம். பிடித்த நாய்களெல்லாம் பாட்டர்சீக்கு வந்து குவிந்தன. அத்தனைக்கும் வீடு கிடைக்க வழி இல்லை. பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர், வலியில்லாமல் உயிர் போக வேண்டும் என்பதற்காக வாயு அறை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். 1884-இல் அது அங்கே நிறுவப்பட்டது. கருணைக்காகத் தொடங்கிய இடத்திலேயே கொலையும் நடந்தது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கொடிது. 1877 ஜூலை 5 அன்று நியூயார்க் நகராட்சி கிழக்கு ஆற்றங்கரையில் 762 நாய்களைக் கொன்றது. இரும்புக் கம்பிகளால் செய்த பெரிய கூண்டில் நாற்பது ஐம்பது நாய்களாகத் திணித்து, பாரந்தூக்கியால் தூக்கி ஆற்றுக்குள் இறக்கி, சில நிமிடம் மூழ்கடித்து, வெளியே எடுத்து, உடல்களைக் கொட்டிவிட்டு அடுத்த கூட்டத்தைத் திணிப்பார்கள். காலையில் தொடங்கினால் இப்படியே நாள் முழுக்க.

இதை மாற்றியவர்களில் முன்னே நின்றவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கரோலின் எர்ல் ஒயிட். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று அந்த ஊரில் தொடங்க உழைத்தவர் அவர். ஆனால் பெண் என்பதால் நிர்வாகத்தில் அவருக்கு இடமில்லை. 1869-இல் பெண்களைச் சேர்த்துச் சங்கத்தின் மகளிர் பிரிவைத் தொடங்கி, நகரின் நாய்ப்பட்டியை நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்கினார். அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் அப்படி உருவானது. நியூயார்க்கில் 1894-இல் சட்டம் மாறியது. நாய்ப் பிடிப்பு, காப்பகம் இரண்டும் அங்கிருந்த விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் கைக்கு வந்தன. நாய் வளர்ப்பவர் ஒவ்வொருவரும் இரண்டு டாலர் கொடுத்து உரிமம் எடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் காப்பகம் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. நாய் வளர்ப்போர் அனைவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஆதரவற்ற நாய்களின் செலவைத் தாங்கினார்கள். இங்கிலாந்திலும் 1867 முதல் நாய்க்கு ஐந்து ஷில்லிங் உரிமக் கட்டணம் இருந்தது. 1878-இல் ஏழரை ஷில்லிங் ஆனது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் தொகையைக் கூட்டவே இல்லை. புதிய நாணயத்தில் அது வெறும் 37 பென்ஸ். வசூலிக்கும் செலவுக்கே காணாது என்று 1987-இல் உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். எல்லோர் தோளிலும் இருந்திருக்க வேண்டிய பாரம் அதோடு நன்கொடை தருவோர் மேலும், நாயைத் தத்தெடுக்க வருவோர் மேலும் இறங்கியது.

முன்பணமாக வந்து கட்டணமாகத் தங்கியது

இன்றைய கட்டணத்தின் உருவம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் அமைந்தது. 1970-களில் அந்த நாட்டுக் காப்பகங்களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்று மதிப்பிடுகிறார்கள். எத்தனை கொன்றாலும் அதே அளவு மறுபடி வந்து நின்றன. காப்பகத்திலிருந்து எடுத்துப் போன பெட்டை நாயே அடுத்த ஆண்டு குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் காப்பகத்துக்கு வந்தன.

அப்போதுதான் முன்பணம் என்ற வழி வந்தது. தத்தெடுப்பவர் ஒரு தொகையைக் கட்ட வேண்டும். கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்டு சான்றைக் காட்டினால் திருப்பித் தருவார்கள். நிறையப் பேர் திரும்பி வரவே இல்லை. பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனவே, கருத்தடை செய்த பிறகே நாயைக் கையில் கொடுப்பது என்று காப்பகங்கள் முடிவெடுத்தன. கலிபோர்னியாவில் பெரிய மாவட்டங்களுக்கு 1998-இல் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். முன்பணமாக வந்தது, திரும்பி வராத கட்டணமாக நிலைத்தது. அதற்கு ஈடாக அறுவைசிகிச்சை, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடித்த நாய் கையில் கிடைத்தது. மலிவுக் கட்டணக் கருத்தடை மையங்களும் இந்த முறையும் சேர்ந்து, இன்று அங்கே காப்பகத்தில் கொல்லப்படும் நாய், பூனைகளின் எண்ணிக்கையை ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்திருக்கின்றன.

ஒரு நாய் காப்பகத்தின் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் என்னென்ன நடக்கின்றன என்று பார்த்தால் கணக்கு தானாகப் புரியும். மற்ற நாய்களுக்குப் பார்வோவோ டிஸ்டெம்பரோ தொற்றாமல் இருக்க முதலில் தனிக் கூண்டு. உடம்பு முழுக்க உண்ணி பொறுக்க வேண்டும். குடற்புழு மருந்து, உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. செவன்-இன்-ஒன் ஊசி, வெறிநோய் ஊசி, இரண்டாம் தவணை. பெட்டை என்றால் வயிற்றைத் திறந்து கருப்பை எடுக்கும் ஆபரேஷன். தையல் ஆறும்வரை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இத்தனை நாளும் சோறு, கூண்டு கழுவும் ஆள், மருத்துவர். இதையெல்லாம் நாமே ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் கட்டணத்தைப்போல இரு மடங்கு மும்மடங்கு ஆவது சாதாரணம். சுறுசுறுப்பான குட்டிக்குக் கூடுதலாக வாங்கி, யாரும் கேட்காத கிழ நாயையும் கால் போன நாயையும் அதிலிருந்து காப்பாற்றும் காப்பகங்களும் உண்டு.

பதிவேடு செய்த சேதம்

காப்பகம் இப்படி வளர்ந்த அதே காலத்தில், கண்காட்சி மேடை நாய்களின் உடம்பை என்ன செய்தது? ஒரே ஓர் இனத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

1926-இல் அமெரிக்கரான ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் இங்கிலாந்து வந்தார். பழைய ஓவியங்களில் அரசர்களின் காலடியில் இருக்கும் நீள மூக்கு ஸ்பேனியலைத் தேடினார்; கிடைக்கவில்லை. கண்காட்சி ரசனை மூக்கைத் தட்டையாக்கிவிட்டிருந்தது. பழைய முகத்தோடு நாய் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு என்று லண்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் பரிசு அறிவித்தார். அப்படி மீட்டெடுத்த இனம்தான் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். 1945-இல் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. ஆனால் அடித்தளமாக இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய நாய்கள். அவற்றின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்த்துச் சேர்த்து இனம் பெருகியது.

இன்று பல கவாலியர்களுக்கு மூளையின் அளவுக்கு மண்டையோட்டில் இடம் போதவில்லை. மூளையின் பின்பகுதி கழுத்தை நோக்கிப் பிதுங்க, தண்டுவடத்துக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நாய் நடக்கும்போதே சட்டென்று நின்று, பின்னங்காலைத் தூக்கித் தோளுக்குப் பக்கத்தில் வேகவேகமாகச் சொறியும். கால் தோலைத் தொடாது. வெறும் காற்றில் அசையும். தெரியாதவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நரம்பு வலியில் நாய் துடிக்கிறது என்பது வளர்த்தவருக்கு மட்டும் தெரியும். இருதய வால்வு நோயும் இந்த இனத்தில் நடுவயதிலேயே வந்துவிடுகிறது.

2008-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் இந்த நாய்களின் வலியை வீடுகளுக்குள் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதை பிபிசி நிறுத்தியது. அப்பன்-மகள், தாய்-மகன், உடன்பிறப்புகள் இவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதைக் கென்னல் கிளப் கைவிட்டது. அதே 2008-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பிரிட்டனில் இருந்த ஏறக்குறைய பத்தாயிரம் பக் நாய்களின் மரபணு வளம் வெறும் ஐம்பது நாய்களுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். நார்வேயில் கவாலியர் இனப்பெருக்கம் விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கலப்பினம் என்றால் தப்பித்துவிடலாம் என்பதும் சரியில்லை. 1989-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் பழக்கும் நிறுவனத்தில் இருந்த வாலி கான்ரான், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண்மணிக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்மணியின் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். நல்ல காரியத்துக்காகப் பிறந்த லாப்ரடூடில் உலகம் முழுக்கச் சந்தைப் பொருளாகிவிட்டது. எந்தச் சோதனையும் செய்யாமல் குட்டி போட வைத்து விற்கும் கூட்டத்துக்கு வழி திறந்துவிட்டேனே என்று கான்ரான் பிற்பாடு வெளிப்படையாக வருந்தினார்.

சென்னை தந்த பாடம்

மேரி டீல்பி இல்லம் தொடங்கிய அதே 1860-இல்தான் மெட்ராஸில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை தொடங்கியது என்று சொல்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அது நடந்தது, நாய்கள் குறையவில்லை. 1964-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பைத் தொடங்கினார்கள். கொல்வதற்குப் பதில் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே விடலாம் என்று அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா விடாமல் வாதாடினார். 1996-இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. 2001-இல் நாடு முழுவதற்குமான விதிகள் வந்தன. காதில் சின்னதாக வெட்டிய அடையாளத்தோடு நம் தெருவில் திரியும் நாய் அந்த வாதத்தின் பலன்.

இனப்பெருக்கத்தில் நம் ஊருக்கும் பாடம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களை நம் விவசாயிகள் காவலுக்கும் வேட்டைக்கும் பார்த்துத் தேர்ந்து வளர்த்தார்கள். ஓடாத நாய்க்கும் காது கேளாத நாய்க்கும் அங்கே மதிப்பில்லை. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டை போனது. அழகு மட்டும் மிஞ்சியது. தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் ராஜபாளையம் என்று தேடித் தேடி ஜோடி சேர்த்ததில், காது கேளாத குட்டிகள் அந்த இனத்தில் பிறக்கின்றன. 2005-இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமைப்பட்டோம். பெருமை நியாயமானதுதான். அந்த நாய்க்குக் காது கேட்கவும் வேண்டும்.

ஆகவே நாய் வளர்த்துப் பெருக்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணின் இனங்கள் அழியாமல் இருக்க அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் வேண்டும். அவர்கள் ஆண்டுக்கொரு ஈற்றுக்கு மேல் எடுப்பதில்லை, காது, கண், இடுப்பெலும்பு சோதிக்காமல் ஜோடி சேர்ப்பதில்லை, குட்டியை வாங்கியவர் வளர்க்க முடியாமல் போனால் எத்தனை ஆண்டு கழித்தானாலும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர் விற்ற நாய் காப்பகத்துக்கு வந்து நிற்பது அபூர்வம். காப்பகத்தை நிரப்புவது வேறு ஒரு கூட்டம். இருட்டறையில் பெட்டை நாயைக் கட்டிவைத்து, பருவத்துக்குப் பருவம் குட்டி எடுத்து, தாயைக் காட்டாமல் விற்கிறவர்கள் அவர்கள். அப்படி ஒரு பண்ணையிலிருந்து மீட்ட லூசி என்ற கவாலியரின் பெயரால், இங்கிலாந்தில் இடைத்தரகர்கள் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை விற்பது 2020-இல் தடைசெய்யப்பட்டது. இந்தியாவிலும் 2017-இல் விதிகள் வந்துவிட்டன. வளர்ப்பாளர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியை விற்கக் கூடாது, ஒரு பெட்டை நாய் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போடக் கூடாது. விதியை நடைமுறைப்படுத்த ஆள் போதவில்லை என்பதுதான் குறை.

இனி யார் கட்டுவது?

கட்டணத்துக்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்வார்கள்: சும்மா கொடுத்தால் அருமை தெரியாது, நாயைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்று. நான் அதை ஏற்கவில்லை. 2009-இல் அமெரிக்காவில் பூனை தத்தெடுத்தவர்களிடம் செய்த ஆய்வில், கட்டணம் கட்டியவர்களுக்கும் இலவசமாகப் பெற்றவர்களுக்கும் பாசத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பணம் இல்லாத வீட்டிலும் நாய் ராஜாவாக வாழும்; பங்களாவில் சங்கிலியிலேயே செத்தும் போகும். கட்டணத்தைப் பாசத்தின் அளவுகோலாக வைப்பது ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கட்டணத்துக்கு உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் செலவை ஏற்க வேண்டியவர்கள் ஏற்கவில்லை. குட்டியை விற்று லாபம் பார்த்தவர் கட்டவில்லை. வாங்கி, அலுத்து, நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனவரும் கட்டவில்லை. எடுத்து வளர்க்க வந்தவர் கட்டுகிறார். 1894-இல் நியூயார்க் புரிந்துகொண்டதை நாம் மறுபடி புரிந்துகொள்ள வேண்டும். உரிமக் கட்டணம் எல்லா வளர்ப்பு நாய்க்கும் இருக்கட்டும். கருத்தடை செய்த நாய்க்குக் குறைவாகவும் செய்யாத நாய்க்குக் கூடுதலாகவும் இருக்கட்டும். அமெரிக்காவின் பல நகரங்களில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. குட்டி விற்பவர் ஒவ்வொரு ஈற்றுக்கும் ஒரு தொகை கட்டட்டும். விற்கும் குட்டிக்கு மைக்ரோசிப் போட்டு அதில் தன் பெயரையும் பதியட்டும். அந்த நாய் நாளைக்குத் தெருவில் கிடந்தால் முதல் தொலைபேசி அவருக்குப் போக வேண்டும். இந்தப் பணம் காப்பகங்களுக்கு வந்தால், தத்தெடுப்பவரிடம் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

அதுவரை, காப்பகத்தில் நாய் எடுக்கப் போகிறவர்கள் தயங்காமல் அந்தக் கட்டணத்தைக் கட்டுங்கள். என்னென்ன ஊசி போட்டிருக்கிறது, ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்டு, ரசீதும் தடுப்பூசி அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. இன நாய்தான் வேண்டும் என்பவர்கள் தாய் நாயை நேரில் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள், வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். குட்டியின் கடைசி நாள்வரை விற்றவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், சட்டம் வரும் முன்பே சந்தை மாறும். காப்பகங்களுக்கு வரும் நாய்களின் எண்ணிக்கையும், கூடவே தத்துக் கட்டணமும் அந்த வழியில்தான் குறையும்.